குற்றம் குறைகிறது என்கிறார்கள். நாங்கள் ஏன் ஏழு மணிக்கே கதவடைக்கிறோம்?

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. களக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தனியாக இருக்கிறேன். கணவர் காலமாகிவிட்டார். மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். "நாட்டில் குற்றங்கள் குறைந்து வருகின்றன, அரசே கணக்கு வெளியிட்டிருக்கிறது, நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள்" என்று செய்திகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறான். இங்கே நிலைமை வேறாக இருக்கிறது. ரேஷன் கடையிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு மதினியின் நாலு பவுன் செயினை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் கொழுந்தனார் வயலில் பம்ப் செட் ஒயரை வெட்டி எடுத்துவிட்டார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போன ஒரு குடும்பத்தின் வீட்டுப் பூட்டு உடைந்து கிடந்தது. இந்த மூன்று வீட்டாரில் ஒருவரும் போலீசுக்குப் போகவில்லை. "போனால் கிடைக்கவா போகிறது, அலைச்சல்தான் மிச்சம்" என்கிறார்கள். பேப்பரைத் திறந்தால் நெல்லையில் கொலை, அரிவாள் வெட்டு என்றே இருக்கிறது. அந்தக் கணக்கு பொய்யா, என் பயம் பொய்யா? வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு போய்விடுவதுதான் நல்லதா?

— ஓர் ஆசிரியை, நாங்குநேரி வட்டம்

பதில்:

அன்புள்ள டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

காவல் நிலையங்களிலும், ஓய்வு பெறுவதற்கு முன்பு மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகத்திலும் வேலை பார்த்தவன் நான். உங்கள் மகன் அனுப்பும் எண்கள் எங்கிருந்து கிளம்புகின்றன, எந்தெந்த மேசைகளைத் தாண்டிப் போகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கணக்கும் பொய் இல்லை, உங்கள் பயமும் பொய் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இவை இரண்டும் அல்ல. "ஒருவரும் போலீசுக்குப் போகவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மூன்று சம்பவங்கள் நடந்த உங்கள் தெரு, அரசுக் கணக்கில் குற்றமே நடக்காத தெருவாக இருக்கிறது. அந்த வெறுமையும் சேர்ந்துதான் உங்கள் மகனின் கைப்பேசிக்குச் செய்தியாக வந்து சேர்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1986இல் உருவானது. 'இந்தியாவில் குற்றங்கள்' என்ற ஆண்டறிக்கையோ அதற்கும் முன்பே, 1953 முதல் வந்துகொண்டிருக்கிறது. ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை வழக்குகள் என்பதைத்தான் குற்ற விகிதம் என்கிறார்கள். 2020இல் அது 487.8. 2021இல் 445.9 ஆனது, 2022இல் 422.2 ஆனது. இந்த இறக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் 'குற்றங்கள் குறைகின்றன' என்ற தலைப்புகள் வந்தன. 2020 எந்த ஆண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு ஆண்டு. அரசு அலுவலரின் உத்தரவை மீறியதாக இந்தியத் தண்டனைச் சட்டம் 188ஆம் பிரிவின் கீழ் நாடு முழுவதும் 2019இல் பதிவானவை 29,469 வழக்குகள், 2020இல் 6,12,179. முகக்கவசம் போடாமல் போனவர், தடையை மீறிக் கடை திறந்தவர், வண்டியை வெளியே எடுத்தவர் எல்லாரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு எல்லா வகையும் சேர்த்து 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். ஊரடங்கு போனது, அந்த வழக்குகளும் போயின, விகிதம் இறங்கியது. திருடர்கள் திருந்தியதால் வந்த இறக்கமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் விகிதம் மறுபடியும் 448.3க்கு ஏறியிருக்கிறது. உங்கள் மகன் இதை அனுப்பியிருக்க மாட்டார்.

அதற்காக எல்லாமே வெறும் கணக்கு விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கொலையை மறைப்பது கடினம். சடலத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் ஒரு நாட்டின் நிலையை அறிய நான் முதலில் பார்ப்பது கொலைக் கணக்கைத்தான். 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் லட்சம் பேருக்கு நான்குக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. 2022இல் 28,522 கொலைகள், 2023இல் 27,721. மக்கள்தொகை இவ்வளவு பெருகிய பிறகும் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது; விகிதம் இரண்டு அளவில் நிற்கிறது. முப்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வந்திருப்பது உண்மையான இறக்கம், மகிழ வேண்டிய இறக்கம். இதில் மருத்துவத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. 108 ஆம்புலன்ஸ் 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. வெட்டுப்பட்டவரை உரிய நேரத்தில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்து அவர் பிழைத்துக்கொண்டால் அது கொலை வழக்கு ஆகாது, கொலை முயற்சி வழக்கு. அரிவாளைத் தூக்கியவனின் மனம் மாறாமலேயே கொலைக் கணக்கு குறையக்கூடும்.

ஏறிக்கொண்டிருப்பது கைப்பேசி வழியாக வரும் மோசடி. சைபர் வழக்குகள் 2022இல் 65,893. அடுத்த ஆண்டிலேயே 86,420. தெருவில் செயினுக்குப் பயப்படுகிற நீங்கள், வீட்டுக்குள் இதற்கும் பயப்பட வேண்டும். ஓய்வூதியப் பணம் வங்கியில் இருக்கும் தனி ஆட்களைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாட்டின் சராசரி உங்கள் தெருவுக்கு என்ன சொல்லும்? மணிமுத்தாறு அணை நிரம்பிவிட்டது என்று செய்தி வருகிற நாளில், அதன் கால்வாயின் கடைசிப் பகுதியான நான்காவது ரீச்சில் குளம் வறண்டு கிடக்கிற விவசாயிக்கு அந்தச் செய்தி என்ன சொல்லுமோ, அவ்வளவுதான் சொல்லும். அணைக் கணக்கு சரிதான். அவருடைய குளத்தின் கணக்கு வேறு. மாவட்டக் கணக்கை எடுத்துப் பார்த்தாலும் எச்சரிக்கை வேண்டும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. 2018ஆம் ஆண்டு நெல்லையையும் 2020ஆம் ஆண்டு நெல்லையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குற்றம் சரிந்ததுபோலத் தோன்றும், சரிந்தது எல்லைதான். மாநகரக் காவல் எல்லைக்கும் மாவட்டக் காவல் எல்லைக்கும் தனித்தனிக் கணக்கு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் மாநகரக் காவல் ஆணையர் கணக்கில் வரும். உங்கள் ஊர் மாவட்டக் கண்காணிப்பாளர் கணக்கில் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் 2022 அறிக்கைப்படி குற்ற விகிதம் நாட்டுச் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உத்தரப் பிரதேசத்தின் விகிதமோ சராசரியைவிடக் குறைவு. கேரளத்தைவிட உத்தரப் பிரதேசத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியுமா? கேரளத்தில் மக்கள் எழுதிக் கொடுக்கிறார்கள், நிலையங்கள் பதிவு செய்கின்றன. விகிதம் உயர்ந்திருப்பது சில இடங்களில் காவல்துறை விழித்திருப்பதன் அடையாளம். வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்களில் 14 விழுக்காட்டினரே யாரிடமாவது உதவி கேட்டிருந்தார்கள். 77 விழுக்காட்டினர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. உதவி கேட்டவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்குத்தான்.

நம் பகுதியில் குற்றத்தைச் சொல்லாமல் விடுவதற்குப் பழைய வேரும் உண்டு. காளையோ பசுவோ களவு போனால் போலீசுக்குப் போகாமல், விவரம் தெரிந்தவர்களிடம் துப்புக்கூலி கொடுத்து மாட்டை மீட்டுக்கொள்ளும் பழக்கம் தென் மாவட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. மாடு திரும்பி வந்துவிட்டது, பிறகு எதற்கு வழக்கு என்பதே அன்றைய நியாயம். வெள்ளைக்காரன் காலத்துக் காவல் அதிகாரிகள் இதைக் குறித்து அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். இன்று மாட்டின் இடத்தில் மோட்டார் ஒயர் வந்திருக்கிறது. "நமக்குள்ளே முடித்துக்கொள்வோம், எதற்கு ஸ்டேஷன்" என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. திருடியவனுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறெதுவும் கிடையாது.

பழியை மக்கள் மேல் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. மாதந்தோறும் குற்ற ஆய்வுக் கூட்டம் நடக்கும். போன ஆண்டு இதே மாதம் எத்தனை, இந்த ஆண்டு எத்தனை என்று ஒவ்வொரு நிலையத்தையும் கேட்பார்கள். கூடியிருந்தால் ஆய்வாளர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். அந்த நெருக்கடி, நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் காவலரான ஸ்டேஷன் ரைட்டரின் மேசைக்கு இறங்கி வருகிறது. 'பறித்துக்கொண்டு போனார்கள்' என்று வந்தவரிடம் 'தவறவிட்டேன் என்று எழுதிக் கொடுங்கள், சீக்கிரம் முடியும்' என்று சொல்வது அங்கேதான். வழக்குப் பதிவு செய்யாமல் மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவதும் அங்கேதான். இது கொடுமையான வழக்கம். குற்றத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லி எந்த அரசும் எழுத்தில் உத்தரவு போடுவதில்லை. ஆனால் எண்ணிக்கை குறைந்தால் பாராட்டு, கூடினால் விளக்கம் என்ற ஏற்பாடு இருக்கிற வரை நேர்மையாகப் பதிவு செய்யும் ஆய்வாளர்தான் தண்டிக்கப்படுகிறார். பொதுப் பாதுகாப்பை மேம்படுத்துகிறோம் என்று சொல்லும் எந்த அரசும் முதலில் மாற்ற வேண்டியது இந்த ஏற்பாட்டை. எத்தனை வழக்கு பதிவானது என்பதைக் கேட்பதற்கு முன், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேட்க வேண்டும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. போலீஸ் தானாக விசாரித்துக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இன்னும் சில கதவுகளைத் திறந்திருக்கிறது. எந்த நிலையத்தில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. மின்னணு வழியாகவும் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திக்கொள்ள இடம் உண்டு. அதைக் காட்டி மாதக்கணக்கில் இழுத்தடிக்க இடம் இல்லை. நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதன் பிறகு நீதித்துறை நடுவரிடம், அதாவது மாஜிஸ்திரேட்டிடம், போகலாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம்.

உங்கள் தெருவின் மூன்று சம்பவங்களுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கிறேன். மதினியின் செயின் பறிப்பு, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 304ஆம் பிரிவாகத் தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. அவர்கள் அடித்தோ மிரட்டியோ பறித்திருந்தால் கொள்ளைப் பிரிவும் சேரும். ஆகவே கழுத்தில் கீறல் இருந்ததா, கீழே தள்ளினார்களா என்பதை மனுவில் விட்டுவிடக் கூடாது. வீட்டுப் பூட்டு உடைந்த வீட்டில் ஒன்றும் களவு போகவில்லை என்றாலும் பூட்டை உடைத்து நுழைந்ததே குற்றம்.

கொழுந்தனாரின் ஒயர் விஷயத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். புதிய சட்டத்தில் களவு போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, திருடியவனுக்கு அது முதல் குற்றமாகவும் இருந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த வகைத் திருட்டைப் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது, நடுவரின் உத்தரவு வேண்டும். செம்புக் கம்பியைப் பழைய இரும்பு விலைக்கு மதிப்புப் போட்டால் எளிதாக அந்த வரம்புக்குள் விழுந்துவிடும். தேசிய அறிக்கையில் எண்ணப்படுவது போலீஸ் தானாக விசாரிக்கத்தக்க குற்றங்கள்தான் என்பதால், கிராமத்துச் சிறு திருட்டுகள் இனிமேல் அந்தக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் நழுவும். ஏழை விவசாயிக்கு 4,000 ரூபாய் ஒயர் சிறு திருட்டு அல்ல. தண்ணீர் பாய்ச்ச முடியாமல் பயிர் காய்ந்தால் அந்தப் பருவமே போய்விடும். இந்தப் பிரிவை எழுதியவர்கள் நகரத்து மளிகைக் கடைத் திருட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ, பொருளைப் பாதுகாப்பாக வைக்கும் கட்டடத்திலிருந்தோ திருடினால் அது 305ஆம் பிரிவு; ஏழு ஆண்டு வரை தண்டனை, 5,000 ரூபாய் வரம்பெல்லாம் அங்கே கிடையாது. பூட்டிய பம்ப் செட் அறைக்குள்ளிருந்து எடுத்துப்போயிருந்தால் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். புதிய ஒயர் வாங்கிய பில்லையும் இணைக்கட்டும்.

இனி, பேப்பரில் நீங்கள் பார்க்கும் கொலைகள். இங்கே நாட்டு விகிதம் எனக்கு எந்த ஆறுதலையும் தருவதில்லை. நம் சீமையில் பல கொலைகள் ஒன்றோடு நிற்பதில்லை. ஒன்று விழுந்தால் இன்னொன்றுக்கு நாள் குறிக்கப்படுகிறது. சாதி, பழி, கோவில் கொடையில் வந்த வாய்த்தகராறு, பஸ்ஸில் பாட்டுப் போட்டதில் வந்த சண்டை என்று தொடங்கி, அடுத்த ஆண்டு வேறொருவரின் பிள்ளை சாகிறான். 2023 ஆகஸ்டில் உங்கள் வட்டத் தலைநகரான நாங்குநேரியிலேயே, பள்ளி மாணவன் ஒருவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். இருவரும் உயிர் பிழைத்தார்கள். கொலைக் கணக்கில் அது பூஜ்யம். அந்த இரவுக்குப் பிறகு எத்தனை வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினார்கள் என்பதை எந்த அறிக்கை எண்ணும்? 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலில் பட்டப்பகலில் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் இளம் பொறியாளர் ஒருவர் காதலுக்காகக் கொல்லப்பட்டார். நீங்கள் பயப்படுவதற்கு இவை போதும்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது என்று பல பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க 2025இல் ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. அம்மா, நீங்கள் வகுப்பறையில் நின்றவர். ஒரு ஊரின் பாதுகாப்பு எட்டாம் வகுப்பில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்பதில் தொடங்குகிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழிக்குப் பழி வாங்குவதைத் தடுக்கக் காவல்துறை கையில் இருப்பவை ரவுடிகளின் மேல் நன்னடத்தைப் பிணை வாங்குவது, அதை மீறினால் சிறைக்கு அனுப்புவது, 1982ஆம் ஆண்டு குண்டர் சட்டத்தில் அடைப்பது முதலியவை. இவை கத்தியைக் கொஞ்ச நாள் உறைக்குள் வைக்கும், அவ்வளவுதான். வெளியே வந்தபின் அவன் எந்தத் திண்ணையில் போய் உட்காருகிறான், யார் அவனுக்குச் செலவுக்குக் கொடுக்கிறார்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் அதைச் சொல்ல முன்வர வேண்டும்.

அரசின் திட்டங்களில் எவை உங்களுக்குக் கைகொடுக்கும் என்று பார்த்தால், முதலில் 112. அவசரத்துக்கு இந்த ஒரே எண் போதும். பெண்களுக்கு 181. 'காவல் உதவி' என்ற செயலியைத் தமிழ்நாடு காவல்துறை 2022இல் கொண்டுவந்தது. பேரப்பிள்ளை வரும்போது அதைக் கைப்பேசியில் போட்டுப் பழக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசி மோசடியில் பணம் பறிபோனால் 1930. இதில் நேரம்தான் எல்லாம். வங்கியிலிருந்து பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் கொடுத்தால் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தால் பணம் நாட்டின் வேறு மூலைக்குப் போயிருக்கும். சீருடையோடு வீடியோவில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் கிடையாது. போனை வைத்துவிடுங்கள்.

கண்காணிப்பு கேமராக்களை எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். நல்லதுதான், பல வழக்குகள் அவற்றால்தான் துலங்கின. ஆனால் திறப்பு விழாவுக்குப் பிறகு அதைத் துடைத்து, பதிவு ஓடுகிறதா என்று பார்க்க ஆள் இல்லாவிட்டால் அது கம்பத்தில் தொங்கும் வெறும் பெட்டி. ஊராட்சிக் கூட்டத்தில் கேமரா கேட்கும்போதே பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். என்னைக் கேட்டால், ரேஷன் கடைப் பாதையில் எரியாமல் கிடக்கும் தெருவிளக்கைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. அடுத்தது ரோந்து. பீட் காவலர் வந்து கையெழுத்துப் போடுவதற்குப் பட்டா புத்தகம் என்று ஒன்று உண்டு. உங்கள் தெருவில் ஒரு புத்தகம் வைக்கச் சொல்லி நிலையத்தில் எழுதிக் கேளுங்கள். அங்கே ஆய்வாளர் உடனே கேட்கப்போகும் கேள்வி, 'அந்தத் தெருவில் வழக்கே இல்லையே' என்பதாக இருக்கும். ரோந்து வண்டி எங்கே போக வேண்டும் என்பதைப் பதிவான வழக்குகளை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். சொல்லாத குற்றத்துக்கு ரோந்து வராது. பங்குனி உத்திரத்துக்கும், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் குடில் போட்டுத் தங்கப் போகும்போதும் நம் பக்கத்தில் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கும் என்பது நமக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். போகும் முன் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் இரவு ரோந்தில் அந்த வீடுகளையும் பார்ப்பார்கள்.

ஸ்டேஷன் என்றாலே உங்கள் ஊரார் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் எனக்குத் தெரியும். 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. சீருடை போட்டிருந்தவன் என்ற முறையில் அதை எண்ணி இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க வேண்டிய கடமை காவல்துறையுடையது. அதுவரை தனியாகப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள், எழுத்திலேயே கொடுங்கள், ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

சென்னைக்குப் போவதா என்பது உங்கள் முடிவு. மகன் மேல் உள்ள பாசத்துக்காகப் போவதென்றால் மகிழ்ச்சியாகப் போங்கள். பயத்துக்காக என்றால் வேண்டாம் என்பேன். அங்கேயும் செயின் பறிப்பு உண்டு, முதியவர் தனியாக இருக்கும் வீடுகளைக் குறிவைப்பவர்களும் உண்டு. உங்கள் தெருவிலோ, ராத்திரி ஒரு குரல் கொடுத்தால் ஓடிவர மதினி இருக்கிறார். உங்கள் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: செய்தி அனுப்புவதோடு நிற்காமல், அடுத்த முறை ஊருக்கு வரும்போது மூன்று வீட்டாரையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வரட்டும்.

அவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தாமதமானாலும் புகார் கொடுக்கலாம். தாமதத்துக்கான காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும். மூன்று சம்பவங்களுக்கும் தனித்தனி மனு வேண்டும், ஒன்றாகச் சேர்த்து எழுதக் கூடாது. மதினியின் மனுவில் நாள், நேரம், இடம், வண்டியின் நிறம், அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள், பதிவெண்ணில் நினைவிருக்கும் ஓரிரு எண்கள், செயின் வாங்கிய ரசீது அல்லது அதை அணிந்திருக்கும் ஒரு புகைப்படம் இவ்வளவும் இருக்கட்டும். 'தவறவிட்டேன்' என்று மாற்றி எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பதிவு செய்யாமல் அனுப்பினால், மனுவின் நகலோடு பாளையங்கோட்டையில் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நடக்கும் புதன்கிழமை மனுநாளுக்குப் போங்கள். மனுவை எழுதுவதில் சந்தேகம் வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், எழுதித் தருகிறேன்.